எங்கள் வட்டாரத்துக்கு ஒரு குழு வேண்டும்

புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் குடியிருக்கிறோம். புளோக்குகளுக்கு நடுவே எல்ஆர்டி ஓடுகிறது. டௌன்டவுன் ரயில் பாதை எங்கள் நிலையத்தில்தான் தொடங்குகிறது. உணவங்காடி, கடைத்தொகுதி, சமூக மன்றம் எதற்கும் குறைவில்லை. ஆனால் வாரக் கடைசியில் “இன்னிக்கு நம்ம குழு ஆடுது” என்று சொல்லிப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்ப எங்களுக்கென்று ஒரு காற்பந்துக் குழு இல்லை.

முன்பு பக்கத்திலேயே இரண்டு இருந்தன. ஒரு பக்கம் புக்கிட் கோம்பாக் விளையாட்டரங்கம், அங்கே கோம்பாக் யுனைடெட். இன்னொரு பக்கம் சுவா சூ காங் விளையாட்டரங்கம், அங்கே ஆயுதப்படைக் குழு. ‘சாஃப்’ என்றுதான் எல்லாரும் சொல்வோம். 2013இல் அது வாரியர்ஸ் என்று பெயர் மாறியது. இரண்டுக்கும் பேருந்திலேயே போய்விடலாம். கோம்பாக் 2012 பருவத்தோடு லீக்கை விட்டு விலகியது. வாரியர்ஸ் 2019 பருவத்தோடு நின்றுபோனது. இரண்டு அரங்கங்களும் இன்னும் இருக்கின்றன. காலையில் ஓட்டப் பாதையைச் சுற்றி நடக்கிறோம். புல்தரையில் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள். கழகம் மட்டும் போய்விட்டது.

சிங்கப்பூர்க் காற்பந்தைப் பற்றிப் பேசும்போது பலரும் தேசியக் குழுவோடு தொடங்கித் தேசியக் குழுவோடு முடித்துவிடுகிறார்கள். நான் வட்டாரக் கழகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்கு முன், நாங்கள் எப்படி ரசிகர்கள் ஆனோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்றைய சிக்கலின் வேர் அந்தப் பழைய பெருமையில்தான் இருக்கிறது.

எங்கள் தலைமுறைக்குக் காற்பந்து என்றால் மலேசியக் கிண்ணம். 1921இல் மலாயாக் கிண்ணமாகத் தொடங்கிய போட்டியின் முதல் இறுதியாட்டத்திலேயே சிலாங்கூரை வென்று கிண்ணத்தைத் தூக்கியது சிங்கப்பூர். மொத்தம் 24 முறை வென்றிருக்கிறோம். 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் போட்டி ஒரு திருவிழாவாகிவிட்டது. 55,000 பேர் உட்காரும் இடம். வெளியே கச்சாங் பூத்தே விற்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். காகிதச் சுருளில் கடலையை வாங்கிக்கொண்டு சிமென்ட் படிகளில் ஏறினால், ஆட்டம் தொடங்கும் முன்பே கீழிருந்து ஓர் ஓசை எழும். அதைத்தான் காலாங் கர்ஜனை என்றார்கள். நடுவர் தவறான முடிவெடுத்தால் சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் எல்லாரும் ஒரே குரலில் “ரெஃப்ரி காயு!” என்று கத்துவார்கள். தேசிய தினப் பேச்சுகளில் இன ஒற்றுமை பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். அதை நான் முதலில் கண்ணால் பார்த்தது அந்தப் படிகளில்தான்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். 1977 மே 28ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். 1965க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிண்ணம் நம் கைக்கு வரவில்லை. ‘அங்கிள்’ என்று ஊரே அழைத்த சூ செங் குவீ பயிற்றுவிப்பாளர். எதிரணி பினாங்கு. கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் அடித்த கோலால் 3-2 என்று வென்றோம். அந்தக் குழுவின் தலைவர் சமாட் அல்லாப்பிச்சை. நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய தற்காப்பு வீரர். அதே எழுபதுகளில்தான் எஸ். ராஜகோபால் பந்தை வாழைப்பழம் போல் வளைத்து அடித்துக்கொண்டிருந்தார். தேக்காவிலும் ஃபேரர் பார்க் திடலிலும் பந்து உதைத்த தமிழ்ப் பையன்கள் அந்த உதையைப் பழகிப் பார்த்துக் காலைச் சுளுக்கிக்கொண்ட கதைகளை அப்பாவின் நண்பர்கள் சொல்வார்கள்.

பிறகு எங்கள் காலம் வந்தது. ஃபாண்டி அகமது வந்தார். வி. சுந்தரமூர்த்தி வந்தார்.

சுந்தரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அவரை விட அதிக கோல் அடித்தவர்கள் உண்டு. ஆனால் பந்து அவர் காலுக்குப் போனதும் அரங்கமே இருக்கையிலிருந்து எழும். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது எதிரணிக்கும் தெரியாது, சொந்தக் குழுவுக்கும் தெரியாது. எண்பதுகளின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்கு ஆடப் போனார். சிங்கப்பூர்த் தமிழ் இளைஞன் ஒருவன் ஐரோப்பாவில் காற்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறான் என்பது அந்நாளில் எங்கள் வீடுகளில் நம்ப முடியாத செய்தி. 1993இல் புருணைக்கு எதிராகக் காலாங்கில் அவர் அந்தரத்தில் தலைகீழாகப் புரண்டு அடித்த கோலை இன்றும் சிங்கப்பூரின் மிகச் சிறந்த கோல் என்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் சொல்வேன். அந்த ஆண்டு நாம் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்தோம் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாம் பிரிவில் ஆடும் குழுவைப் பார்க்க ஆயிரமாயிரமாகக் காலாங்குக்குப் போனோம். தோற்கும் குழுவை மக்கள் கைவிடுவார்கள் என்று சொல்பவர்களுக்கு என் பதில் 1993.

அந்த ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியில் கெடாவிடம் 0-2 என்று தோற்றோம். மறு ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலாமில் பாகாங்கை 4-0 என்று நொறுக்கினோம். அப்பாஸ் சாட் மூன்று கோல். லீக் பட்டமும் நமக்கே. பாலத்தைக் கடந்து பேருந்து பேருந்தாக ரசிகர்கள் போன நாள் அது. நெடுஞ்சாலை முழுக்கச் சிவப்புக் கொடி. அந்த வெற்றிக் குழுவில் சுந்தரம் இல்லை என்ற மனக்குறை எனக்கு இன்றும் தீரவில்லை.

அத்தோடு ஒரு காலம் முடிந்தது. ஆட்ட வசூலில் பங்கு பற்றி மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு ஏற்பட்ட பிணக்கு ஒரு பக்கம், ஆட்ட நிர்ணய ஊழல் மறுபக்கம். 1995இல் சிங்கப்பூர் வெளியேறியது. 1996இல் எட்டுக் கழகங்களோடு எஸ்-லீக் பிறந்தது: கேலாங், தெம்பனிஸ், தியோங் பாரு, உட்லண்ட்ஸ், செம்பவாங், பாலஸ்டியர், காவல்துறை, ஆயுதப்படை.

எழுபத்தைந்து ஆண்டுகளாக ஒரே குழுவை நேசித்த ஊரிடம், இனி எட்டுச் சட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு, பக்கத்து ஊரை எதிர்த்துக் கத்து என்றார்கள். எங்களில் பலர் செய்யவில்லை. வீட்டிலேயே இருந்து இங்கிலீஷ் லீக் பார்த்தோம். லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்தோம். அந்தக் குழுக்களை நேசிப்பதில் தவறில்லை. ஆனால் அவற்றின் அரங்கத்தில் நம் குரல் கேட்காது. நாம் வராவிட்டாலும் அங்கே இருக்கை காலியாக இருக்காது. இங்கே ஒவ்வொரு இருக்கைக்கும் கணக்கு இருக்கிறது.

கோம்பாக் யுனைடெட் 1998இல் லீக்குக்குள் வந்தது. காளைகள் என்று செல்லப் பெயர். பெரிய அரங்கத்தில் பழகிய கண்ணுக்கு புக்கிட் கோம்பாக் முதலில் சிறுத்துத்தான் தெரிந்தது. ஆனால் அங்கே கிடைத்தது காலாங்கில் கிடைக்காதது. தற்காப்பு வீரர் சக வீரரைத் திட்டுவது காதில் விழும். பந்து காலில் படும் ஓசை கேட்கும். பயிற்றுவிப்பாளர் யாரை மாற்றப்போகிறார் என்பதை அவர் முகத்திலேயே படிக்கலாம். ஆட்டம் முடிந்து வேர்வையோடு வரும் வீரரைப் பிள்ளைகள் கம்பிக்கு அருகே நின்று தொடுவார்கள். மறுநாள் அதே வீரரைக் காப்பிக்கடையில் பார்க்கலாம். “அண்ணே, நேத்து அந்த பந்த விட்டுட்டீங்களே” என்று உரிமையோடு கேட்கலாம். அவரும் சிரித்துக்கொண்டே, புல் ஈரமாக இருந்தது என்பார்.

2002க்குப் பிறகு மூன்று பருவங்கள் கோம்பாக் ஆடவில்லை. 2006இல் திரும்பி வந்தது. இரண்டே ஆண்டில், 2008இல், லீக் கிண்ணத்தை வென்றது. இறுதியில் தோற்றது சூப்பர் ரெட்ஸ் என்ற, தென்கொரிய ஆட்டக்காரர்களால் ஆன குழு. உலகக் காற்பந்து வரலாற்றில் அந்தக் கிண்ணத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. எங்களுக்கு அது ஷா ஆலாமுக்குக் குறைந்ததல்ல. இதைச் சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை, ஆனால் நான் மனதாரச் சொல்கிறேன். ஷா ஆலாமில் வென்றது நாடு. 2008இல் வென்றவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

சுவா சூ காங் பக்கம் கதையே வேறு. ஆயுதப்படைக் குழு வெற்றிக்குப் பிறந்தது. மொத்தம் ஒன்பது லீக் பட்டங்கள். அவற்றில் 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு. 2009இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் பிரிவுச் சுற்றில் ஆடிய முதல் சிங்கப்பூர்க் கழகமும் அதுதான். முன்வரிசையில் அலெக்சாண்டர் டூரிச். பொஸ்னியாவில் பிறந்தவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காகப் படகு செலுத்தியவர். போரில் சிதைந்த ஊரிலிருந்து சுற்றிச் சுற்றிச் சிங்கப்பூருக்கு வந்து, 2007இல் குடியுரிமை பெற்று, 37 வயதில் தேசியக் குழுவின் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். அந்த வயதில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த எங்கள் வட்டாரத்து நடுத்தர வயது ஆண்கள் பலர் மாலையில் ஓட ஆரம்பித்தார்கள். ஒரு கழகம் வட்டாரத்துக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டும் ஏன் போயின? சுருக்கமான பதில் பணம். சிங்கப்பூரில் ஒரு கழகம் டிக்கெட் விற்று வாழ முடியாது. தொலைக்காட்சி உரிமையிலும் பெரிதாக வராது. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் மானியம், விளம்பரதாரர், சூதாட்ட இயந்திரம் வைத்த கழக அறை என்று மூன்று கால்களில் கழகங்கள் நின்றன. சூதாட்ட இயந்திரங்களுக்கு 2017இல் அரசாங்கம் கட்டுப்பாட்டை இறுக்கியது. சமூக நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் அந்தக் காலுக்குப் பதிலாக வேறு காலை யாரும் நட்டு வைக்கவில்லை. மூன்று கால்களுக்கும் அடியில் இருந்திருக்க வேண்டிய நிலம் ரசிகர்கள். அதைப் பக்குவப்படுத்த யாரும் பொறுமையாக உழைக்கவில்லை. கழகங்கள் பெயர் மாறின, அரங்கம் மாறின, இரண்டு கழகங்கள் இணைந்தன, ஒரு பருவம் ஓய்ந்தன. மக்கள் ஒரு குழுவை நேசிக்கத் தொடங்கும்போதே அது வேறெங்கோ போய்விட்டிருக்கும்.

இதற்கு நடுவே பழைய காதலுக்கு ஒரு மறுபிறவி. 2012இல் லயன்ஸ் XII என்ற குழு மலேசிய லீக்குக்குத் திரும்பியது. பயிற்றுவிப்பாளர் யார்? சுந்தரமூர்த்தி. ஆடிய காலத்தில் காற்றில் பறந்தவர், பயிற்றுவிப்பாளரானதும் கட்டுக்கோப்பான தற்காப்பின் ஆசானானார். 2013இல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்று தந்தார். 1994 குழுவில் இடம் பெறாதவரின் கையில் மலேசிய லீக் பட்டம் வந்ததைப் பார்த்தபோது என் பக்கத்தில் நின்ற மலாய்ப் பெரியவர் அழுதார். நானும் அழுதேன்.

அந்த ஆட்டங்கள் நடந்தது ஜாலான் புசார் அரங்கத்தில். தமிழ் வாசகர்கள் இந்த அரங்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது நம் வாசலில் இருக்கிறது. 1929இல் திறக்கப்பட்டது. காலாங் வருவதற்கு முன் மலேசியக் கிண்ண ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. எங்களுக்கு வசதி என்னவென்றால், புக்கிட் பாஞ்சாங்கில் ஏறினால் ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடலாம். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, சிராங்கூன் சாலையோடு நடந்து, வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி, கிச்சனர் சாலையில் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் அரங்கத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் நடக்கிறோம். நானூறு, ஐந்நூறு பேர் அந்தப் பக்கம் திரும்பினாலே அரங்கத்தின் நிறம் மாறிவிடும்.

லயன்ஸ் XII 2015இல் ஃபாண்டியின் பயிற்சியில் மலேசிய எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டு முடிவில் மலேசியத் தரப்பு உடன்பாட்டை நீட்டிக்கவில்லை. குழு கலைந்தது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் நம் குழந்தையை வளர்க்க முடியாது என்பது இரண்டாம் முறையாகத் தெரிந்தது. சொந்த லீக்கைத்தான் வளர்க்க வேண்டும். 2018 முதல் அதன் பெயர் சிங்கப்பூர்ப் பிரிமியர் லீக்.

வளர்க்க முடியும் என்பதற்குச் சான்று ஹவ்காங். மரின் காசல், செங்காங் பொங்கோல் என்றெல்லாம் பெயர் மாறி 2011இல் ஹவ்காங் யுனைடெட் ஆன கழகம் அது. நீண்ட காலம் கிண்ணமே இல்லை. ஆனால் ‘ஹூல்ஸ்’ என்ற ரசிகர் கூட்டம் தோல்விக்கு மேல் தோல்வியிலும் மேளத்தோடு வந்து பாடியது. 2022இல் சிங்கப்பூர்க் கிண்ண இறுதியில் தெம்பனிஸை 3-2 என்று வென்றபோது அவர்கள் கொண்டாடியதை ஜாலான் புசாரில் நின்று பார்த்தேன். என் குழு இல்லை. பொறாமையாக இருந்தது. கோம்பாக் இருந்திருந்தால் அப்படி ஒரு மேளம் எங்களிடமும் இருந்திருக்கும்.

2025 ஆம் ஆண்டு பலர் மறந்திருந்த ஆசையை மீண்டும் கிளப்பிவிட்டது. மே மாதம் லயன் சிட்டி சைலர்ஸ் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதிக்கு வந்தது. ஆசிய இறுதியாட்டம் ஒன்றில் சிங்கப்பூர்க் கழகம் ஆடியது அதுவே முதல் முறை. பீஷான் அரங்கத்தில் ஷார்ஜாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் சமன் செய்து, அதற்குப் பிறகும் ஒரு கோல் வாங்கி 1-2 என்று தோற்றோம். அந்த இரவு வீடு திரும்பும் ரயிலில் யாரும் பேசவில்லை.

அக்டோபரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்தியா வந்தது. சில நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள்: “நீங்க யாருக்கு?” கேள்வியே எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் தாத்தா பிறந்த மண்ணுக்கு என் மரியாதை உண்டு. என் குழு சிவப்புச் சட்டை. இங்கே 1-1. ஐந்து நாள் கழித்து கோவாவின் மட்காவில் சோங் உய் யோங் இரண்டு கோல் அடிக்க 2-1 என்று வென்றோம். சோங் கொரியாவில் பிறந்து, இளம் வயதிலேயே ஹோம் யுனைடெட் கழகத்துக்கு வந்து, இங்கேயே வளர்ந்து, 2021இல் சிங்கப்பூரர் ஆனவர். அவரை உருவாக்கியது தேசியக் குழு அல்ல, ஒரு கழகம். நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் பின்தங்கியிருந்து 2-1 என்று வென்றபோது 2027 ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தோம். 1984இல் போட்டியை ஏற்று நடத்தியதால் ஆடினோம். தகுதி பெற்று நுழைவது இதுவே முதல் முறை.

ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதினோரு பேரும் வாரா வாரம் எங்கே ஆடுகிறார்கள், அங்கே எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று அடுத்த நாள் கேட்டவர்கள் குறைவு. தேசியக் குழு ஆண்டுக்குச் சில முறைதான் ஆடுகிறது. கழகம்தான் பத்து வயதுப் பிள்ளையைச் சேர்த்து, பதினைந்து வயதில் திட்டி, இருபது வயதில் களத்தில் இறக்குகிறது. கழகம் இல்லாத வட்டாரத்தில் அந்தப் பிள்ளை காலணியை எடுத்துக்கொண்டு தீவின் மறு கோடிக்குப் போக வேண்டும். எத்தனை பெற்றோரால் அது முடியும்? நம் வீடுகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக் கவலை. பக்கத்தில் கழகம் இருந்தால்தான் துணைப்பாட வகுப்புக்கும் பயிற்சிக்கும் இடையே அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி கிடைக்கும். இன்றைய தேசியக் குழுவில் சுந்தரம் போல் ஒரு தமிழ்ப் பெயர் ஊரெங்கும் ஒலிக்கவில்லையே என்று ஏங்குபவர்கள் இந்த இடத்திலிருந்துதான் யோசிக்க வேண்டும்.

தீவின் மேற்கே ஜூரோங் ஈஸ்டில் ஆடுவது அல்பிரெக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கழகம். 2004இல் ஜப்பானிய இளைஞர்களோடு வந்து, பல பட்டங்களை வென்று, இப்போது உள்ளூர் ஆட்டக்காரர்களை நம்பி ஆடும் கழகம். நானும் போகிறேன், கைதட்டுகிறேன். ஆனாலும் புக்கிட் பாஞ்சாங், புக்கிட் பாத்தோக், சுவா சூ காங் மூன்றையும் சேர்த்தால் ஒரு சிறு நகரமே இருக்கிறது. இவ்வளவு பெரிய மக்கள்தொகைக்கு ஒரு தொழில்முறைக் கழகம் இல்லை என்பது சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் திருத்த வேண்டிய குறை. லீக்கை விரிவாக்கும் பேச்சு எப்போது எழுந்தாலும் வடமேற்குக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். பழைய பெயரோ புதிய பெயரோ, எதுவாக இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு அரங்கமும் பெயரும் மாறாது என்ற உறுதியோடு தொடங்க வேண்டும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடித்தள அமைப்புகளும் இதைக் கேட்க வேண்டும். வட்டாரத்து வணிகர்கள் ஆளுக்கொரு விளம்பரப் பலகையாவது எடுக்க வேண்டும்.

அதுவரை ரசிகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அருகில் எந்தக் கழகம் ஆடுகிறது என்று பாருங்கள். இந்த மாதம் ஓர் ஆட்டத்துக்குப் போங்கள். வீட்டில் சிறுவனோ சிறுமியோ இருந்தால் அழைத்துச் செல்லுங்கள், கம்பிக்கு அருகே நிறுத்துங்கள், ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். புக்கிட் கோம்பாக்கில் மீண்டும் ஒரு குழு களமிறங்கும் நாளில் நுழைவாயிலில் வரிசை நீளமாக இருக்க வேண்டும். அந்த வரிசையில் நீங்களும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.